நாற்பது நொடி

செண்பகனூருக்கு மேலே, மேகம் வந்து முட்டும் உயரத்தில்
ஒளிபரப்புக் கோபுரத்தடியில் எனக்கு வேலை.
இருபத்தாறு வருடம், பெரும்பாலும் இரவு முறை.
மதராசிலிருந்து வரும் படத்தை வாங்கி
வத்தலக்குண்டுக்கும் கோவில்பட்டிக்கும்
சங்கரன்கோவில் மொட்டைமாடி ஆண்டெனாவுக்கும்
வாரி இறைப்பது.
தண்ணீர்ப் பந்தலில் சொம்பு பிடிப்பவன் மாதிரிதான்.
குடித்தவன் எவனும் என் முகம் பார்த்ததில்லை.

நான் பார்த்தது ஒரு முகம்.
ஒன்பது அங்குல மானிட்டரில், கறுப்பு வெள்ளையில்,
'அடுத்து, மண்ணுக்கேற்ற உரம்' என்று சொல்லும்
பத்மலோசனி.
புருவம் அசையாது. தலை ஒரு நூல்கூடச் சாயாது.
உளுந்து விலையும் தலைவர் மறைவும்
ஒரே குரலில், ரேஷன் படியால் அளந்து
தலைதட்டிய மாதிரி.

மலையில் இடி இறங்கினால்
இங்கே பிரேக்கர் விழும். ஊசிகள் படுத்துக்கொள்ளும்.
டார்ச்சும் நானுமாய் பக்கத்து அறைக்கு ஓடி
நெம்புகோலைத் தூக்கிவிட்டு, மதராசுக்கு போன் சுற்றித்
திரும்பினால், திரையில் அவர்:
தடங்கலுக்கு வருந்துகிறோம்.

தடங்கல் என்னுடையது.
வருத்தம் அவருடையது.
ஒன்பது வருடம் இப்படி ஓடியது கணக்கு.

பிறகு ஒருநாள் அவர் இல்லை.
வத்தலக்குண்டு கொட்டகையில்தான் மறுபடி பார்த்தேன்.
கிணற்றில் விழுந்த மாமியார்.
கயிறு வரும்வரை உள்ளேயிருந்து,
புருவம் அசையாமல்,
நீர்மட்டம் இத்தனை அடி என்று
அறிவித்துக்கொண்டிருந்தார்.
முன்வரிசையில் ஒருவன் சிரித்து நாற்காலியோடு கவிழ்ந்தான்.

அப்புறம் அவரை யார் விட்டார்கள்?
பஞ்சாயத்தில் எருமைக்குச் சாட்சி சொன்னார்.
பேய் பிடித்த மருமகளிடம் பேயின் முகவரி கேட்டார்.
நூற்றுப் பதினோரு படம்.
வயதானதும் சீரியல், அதன் நடுவே மூட்டுவலித் தைலம்.
எதிலும் அவர் சிரித்ததில்லை.

போன ஐப்பசியில் பாம்பார்புரம் வளைவில் படப்பிடிப்பு.
மஞ்சு இறங்கி உட்கார்ந்துகொண்டது.
காமிராவுக்கு கதாநாயகன் தெரியவில்லை,
கதாநாயகனுக்கு காமிரா.
பிளாஸ்டிக் நாற்காலியில் குரங்குக்குல்லா போட்டு
அவர் மட்டும் தனியே.
கையில் கடலைப் பொட்டலத்தோடு போய் நின்றேன்.
'அம்மா, அந்தத் தடங்கலெல்லாம் நான்தான்.'

அண்ணாந்து பார்த்தார்.
'எண்பத்தொன்பது, கார்த்திகை, ஒரு சனிக்கிழமை?'
'மின்னல் அம்மா. நாற்பது நொடி. பதிவேட்டில் இருக்கு.'

'அந்த நாற்பது நொடியில்தாம்பா நான் சிரிச்சேன்.
காமிராக்காரர் சட்டைக்குள்ள பல்லி விழுந்திருச்சு.
இரங்கல் செய்தி பாதி வாசிச்சிருக்கேன்,
அடக்க அடக்கப் பீறிட்டு வருது.
மதராசே பார்த்துச்சு.
திங்கக்கிழமை மெமோ. செவ்வாய்க்கிழமை
ஒரு தயாரிப்பாளர் கார் அனுப்பினார்.
சாத்தூர்ல எங்கம்மாவுக்கு மட்டும் வெறும் புள்ளி புள்ளியா வந்திருக்கு.
சாகிறவரை நம்பலை.
எம்மக அப்படிச் சிரிக்கிற பிள்ளை இல்லைன்னு
ஊரோட சண்டை.'

எனக்கு அந்த இரவு ஞாபகம் இருந்தது.
ஓடி வந்து பார்த்தபோது கண்ணோரம் ஈரம்.
அவர் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்தேன்.
விடிந்து வீடு போய் மனைவியிடமும் சொன்னேன்.
அவள் பாவம், ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

'இப்ப ஒருதரம்...' என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
உதட்டைக் கூட்டினார். கன்னத்தை ஏற்றிப் பார்த்தார்.
பம்பு செட்டை நாலுமுறை இழுத்துப் பார்ப்பது போல.
'வரலைப்பா' என்றார். அதே அளவு. அதே படி.

மஞ்சு விலகியது. யாரோ விசில் அடித்தார்கள்.
எழுந்து போய், கொட்டியிருந்த கேரட் மேல் காலை வைத்து
வழுக்கி விழுந்தார்.
மூன்றாவது முறை ஓகே ஆனது.
சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

வருந்துகிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன்.
சொன்னேனா என்று நினைவில்லை.
கடலைக்காரனுக்கு இன்னும் பத்து ரூபாய் பாக்கி.